நாகர்கோவிலில் இருந்து லண்டன் எத்தனை மணிக்கூர்? வான் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

"இங்க இருந்து லண்டன் எத்தன மணிக்கூராக்கும் மக்கா?"

மகளுக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்த நாளில் இருந்து பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் நாலைந்து தடவையாவது இதைக் கேட்டிருப்பார். முதல் தடவை நானும் எல்லோரையும் போல போனைத் தட்டிப் பார்த்து, "8,400 கிலோமீட்டர், பத்தரை மணிக்கூர்" என்று சொல்லிவிட்டேன். மகள் போய்ச் சேர்ந்தேன் என்று கூப்பிட்டபோது வீட்டை விட்டுக் கிளம்பி 21 மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் அத்தை பட்ட வெப்ராளத்துக்கு நான்தான் காரணம்.

போனில் வந்த எண் பொய் இல்லை. திருவனந்தபுரத்தில் ஏறி நேரே லண்டனில் இறங்கினால் ஆகிற நேரம் அது. நம்மில் பெரும்பாலானோர் அப்படிப் போவதில்லை, நடுவில் வளைகுடாவில் எங்காவது இறங்கி ஏறித்தான் போகிறோம். ஆகவே தூரம் என்றால் எந்தத் தூரம், நேரம் என்றால் எந்த நேரம் என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று கணக்கு உண்டு: பூமி உருண்டையின் மேல் நேர்கோட்டுத் தூரம், டிக்கெட்டில் இருக்கும் நேரம், வீட்டு வாசலில் இருந்து அங்கே உள்ள வாசல் வரைக்கும் ஆகும் நேரம். மூன்றையும் ஒரு காகிதமும் போனில் உள்ள கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு நாமே போட்டுவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். மறந்திருந்தாலும் பரவாயில்லை, கூடவே வாருங்கள்.

படி 1: எங்கிருந்து அளப்பது?

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்கு வெளிநாட்டு வாசல் என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், அந்த உறவு இந்த ஒரு காரியத்தில் இன்னும் விட்டுப்போகவில்லை. கன்னியாகுமரி, அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ பறக்க வேண்டுமென்றால் தூத்துக்குடி வாகைக்குளத்தையும் பார்க்கலாம். வெளிநாடு போகிறவர்கள் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டியே ஆக வேண்டும்.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 63 கிலோமீட்டர், ரோட்டில் சுமார் 70. கன்னியாகுமரியில் இருந்து நேர்கோட்டில் 83, ரோட்டில் 90ஐ ஒட்டி வரும். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, பாறசாலை, பாலராமபுரம் என்று வழியெல்லாம் கடைத்தெருதான். நள்ளிரவில் ஒன்றரை மணியில் போகிற அதே வண்டிக்குச் சாயங்காலம் இரண்டரை மணி ஆகும். இதைப் படி 10இல் கணக்கில் சேர்ப்போம்.

கணக்குக்கு மட்டும் விமான நிலையத்தையே தொடக்கப் புள்ளியாக வையுங்கள். ஊர் நடுவில் இருந்து அளந்தால் ஓடுபாதையில் இருந்து அளந்த தூரத்தோடு ஒத்துப்போகாது. இணையத்தில் ஒரே இரண்டு ஊருக்கு ஆளுக்கொரு எண் கிடைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

படி 2: இரண்டு எண்களை எடுப்பது

கூகுள் மேப்பைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிவப்புக் குறி விழும், இரண்டு எண்கள் வரும். திருவனந்தபுரத்துக்கு 8.48, 76.92. முதல் எண் அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையில் இருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது. இரண்டாவது தீர்க்கரேகை, அதாவது லண்டன் கிரீனிச்சில் இருந்து எவ்வளவு கிழக்கே என்பது. லண்டன் ஹீத்ரோவுக்கு இதே மாதிரி எடுத்தால் 51.47, மைனஸ் 0.45 என்று வரும். அந்த மைனஸை விட்டுவிடாதீர்கள். கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் தூத்தூர்ப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுறா மீனுக்காக வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், சட்டைப்பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார். உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் பழுத்துப்போன நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் எண்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் மட்டும் பேனாவால் ஒரு சின்ன மீன். எல்லாம் அவர் வலை போட்ட இடங்கள்.

"இது புள்ளி போட்டுல்லா இருக்கு, எங்களுக்கு மினிட்டுல வரும்" என்றார்.

விஷயம் சரிதான். படகில் உள்ள ஜிபிஎஸ் டிகிரியும் மினிட்டுமாகக் காட்டும், போன் டிகிரியைப் புள்ளி வைத்துக் காட்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்கினால் மினிட் வந்துவிடும். 0.48ஐ 60ஆல் பெருக்கினால் 29. ஆக 8.48 என்பது 8 டிகிரி 29 மினிட்.

"ஒரு மினிட்டுக்கு ஒரு மைலு. பெறவு என்னடே கணக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார்.

படி 3: முதலில் டெல்லிக்குப் போட்டுப் பழகுங்கள்

பெரியப்பா சொன்ன மைல் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஒரு மினிட் நகர்ந்தால் ஒரு கடல் மைல். 60 மினிட் ஒரு டிகிரி, அதாவது 60 கடல் மைல், நம் கணக்கில் சுமார் 111.2 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானிகளும் இன்றைக்கும் இந்த மைலை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், வரைபடமும் தூரமும் ஒரே அளவுகோலில் வந்துவிடுகிறது என்பதுதான்.

டெல்லியின் தீர்க்கரேகை 77.10, திருவனந்தபுரத்தின் தீர்க்கரேகை 76.92. கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது டெல்லி நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. எனவே அட்சரேகையை மட்டும் கழித்தால் போதும். டெல்லி 28.56, நம்முடையது 8.48, வித்தியாசம் 20.08. அதை 111.2ஆல் பெருக்கினால் 2,233 கிலோமீட்டர். முடிந்தது. இதைவிடச் சுலபமான விமானக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்கு வேறில்லை.

ஒரு டிகிரி எத்தனை தூரம் என்பதை இந்த நாட்டில் கால்நடையாக அளந்தவர்கள் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறார்கள். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் தொடங்கிய நில அளவை, பின்னாளில் குமரி முனையில் இருந்து இமயமலை அடிவாரம் வரை ஒரே தீர்க்கரேகையை ஒட்டி நீண்டது. மலைக்கு மலை கருவியை நிறுத்திக் கோணம் பார்த்து அளந்தார்கள். நாம் இன்று போனில் விரலை வைத்து எடுக்கிற எண்ணுக்கு அத்தனை பேர் வெயிலில் நின்றிருக்கிறார்கள்.

கிழக்கு மேற்காகப் போகும்போது இந்த 111 பொருந்தாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும், உரித்த ஆரஞ்சுச் சுளையின் ஓரங்கள் மாதிரி. நம் ஊரில் ஒரு தீர்க்கரேகை டிகிரி 110 கிலோமீட்டர் என்றால் லண்டனில் அதுவே 69தான். அதனால் சாய்வாகப் போகும் ஊர்களுக்கு வெறும் கழித்தல் உதவாது. அடுத்த படி வேண்டும்.

படி 4: லண்டனுக்கு முழுக் கணக்கு

கால்குலேட்டரைச் சாய்த்துப் பிடியுங்கள், சைன், காஸ் பொத்தான்கள் வரும். முதல் வேலை, அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் (கோணத்தை அளக்கிற இன்னொரு அலகு) இருக்கிறதா என்று பார்ப்பது. காஸ் 60 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் ரேடியனில் கிடக்கிறது. இதைப் பார்க்காமல் நான் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். லண்டன் எங்கேயோ பசிபிக் பெருங்கடலுக்குப் போய்விட்டது.

இனி வரிசையாக:

இரண்டு ஊரின் அட்சரேகைக்கும் சைன் எடுத்துப் பெருக்குங்கள். சைன் 8.48 என்பது 0.1475. சைன் 51.47 என்பது 0.7823. பெருக்கினால் 0.1154. இதைத் தனியாக எழுதி வையுங்கள்.

இரண்டு அட்சரேகைக்கும் காஸ் எடுத்துப் பெருக்குங்கள். 0.9891, 0.6229. பெருக்கினால் 0.6161.

தீர்க்கரேகை வித்தியாசம் பாருங்கள். 76.92இல் இருந்து மைனஸ் 0.45ஐக் கழித்தால் கூட்டலாகிவிடும், 77.37. அதற்குக் காஸ் 0.2187. முந்தைய 0.6161ஓடு இதைப் பெருக்கினால் 0.1347.

எழுதி வைத்த 0.1154ஐயும் இந்த 0.1347ஐயும் கூட்டுங்கள். 0.2501. இதற்குத் தலைகீழ் காஸ், அதாவது காஸ் பொத்தானுக்கு மேல் மைனஸ் 1 போட்ட பொத்தான். 75.52 டிகிரி வரும்.

75.52ஐ 111.2ஆல் பெருக்குங்கள். 8,398 கிலோமீட்டர். போனில் வந்த 8,400 இதுதான்.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவத்தில் கொஞ்சம் தட்டையானது. அதனால் இந்தக் கணக்கில் அரை சதவீதம் வரை பிசகலாம். ஆயிரத்துக்கு ஐந்து கிலோமீட்டர். விமானம் அதற்கு மேல் சுற்றும், ஆகவே அதை விட்டுத்தள்ளலாம்.

படி 5: சைனும் காஸும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நூல்

பிள்ளைகளின் பூமி உருண்டை ஒன்றும் தையல் நூலும் போதும். திருவனந்தபுரத்தில் ஒரு முனையை விரலால் அழுத்தி, லண்டன் வரை நூலை இறுக்கிப் பிடியுங்கள். தளர்வில்லாமல் இழுத்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். லண்டன் இருக்கும் இடத்தில் நூலில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதை ஸ்கேலில் நீட்டி அளக்க வேண்டியதுதான். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர். லண்டனுக்கு நூல் கிட்டத்தட்ட 20 செ.மீ. வரும்.

கணக்கைவிட நூல் ஒரு விஷயத்தில் மேல். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் டொரண்டோ நமக்கு மேற்கே, அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டிக் கிடக்கிற மாதிரி தெரியும். உருண்டையில் நூலை இழுத்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடக்கே கிளம்பும், மேற்குப் பக்கம் 20 டிகிரி மட்டுமே சாயும். மேலே ஏறி ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 70 டிகிரி அட்சரேகையைத் தொட்டுவிட்டுத்தான் கனடாவில் இறங்கும். கனடாவுக்குப் போகிற விமானம் பனிப்பிரதேசத்துக்கு மேலே பறக்கிறதே, வழி தவறிவிட்டதோ என்று சீட்டுக்கு முன்னால் உள்ள திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், போகும் முன் ஒரு தடவை நூலைப் பிடித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

படி 6: நடுவில் இறங்கினால் எவ்வளவு சுற்று?

என்னை ஆச்சரியப்படுத்திய இடம் இதுதான். துபாயில் இறங்கி லண்டன் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். படி 4இல் உள்ளதையே இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். திருவனந்தபுரம் – துபாய் 2,947 கிலோமீட்டர், துபாய் – லண்டன் 5,497. கூட்டினால் 8,444. நேராகப் போனால் 8,398. வித்தியாசம் 46 கிலோமீட்டர்தான், நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை போய்வருகிற தூரம்கூட இல்லை. துபாய் நம் வழியிலேயே இருக்கிறது.

டெல்லி வழியாகப் போனால்? நம் நாட்டுக்குள்ளேயே போவதால் சுருக்கு வழி என்று தோன்றும். 2,233உம் 6,731உம் சேர்ந்து 8,964. ஐந்நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். நேர் வடக்கே ஏறிப் பிறகு மேற்கே திரும்புகிறோம் அல்லவா? டெல்லி வழி வேண்டாம் என்று சொல்லவில்லை, டிக்கெட் விலை குறைந்தால் போகலாம். தூரத்துக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

டொரண்டோவுக்கு நேர்கோடு சுமார் 13,750, துபாய் வழி சுமார் 14,030. சிங்கப்பூர் நமக்கு 3,100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட துபாய் தூரம்தான். சிங்கப்பூர் வெகுதூரம், துபாய் பக்கம் என்று நம் மனதில் பதிந்திருப்பதற்குத் தூரம் காரணமில்லை. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அதனால் அது பக்கமாகிவிட்டது.

படி 7: கிலோமீட்டரை மணியாக மாற்றுவது

பெரிய ஜெட் விமானம் உச்சியில் பறக்கும்போது மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை போகும். அதை வைத்து அப்படியே வகுத்தால் தப்பாகிவிடும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் வேகம் குறைவு, ஓடுபாதை வரை உருண்டு போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும்.

நான் பின்பற்றும் வழி இது. வளைகுடா, டெல்லி, சிங்கப்பூர் மாதிரி நாலைந்து மணிப் பயணத்துக்குத் தூரத்தை 800ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். துபாய்க்கு 2,947ஐ வகுத்தால் 3 மணி 41 நிமிடம், 35ஐக் கூட்டினால் நாலேகால் மணி. டெல்லிக்கு 3 மணி 22 நிமிடம். அதைவிட நீண்ட பயணத்துக்கு, முதலில் தூரத்தில் 5 சதவீதம் கூட்டுங்கள். விமானம் நூல் பிடித்த மாதிரி போகாது, வான்வழித் தடங்களில் வளைந்துதான் போகும். பிறகு 850ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். துபாய் – லண்டன்: 5,497 என்பது 5,772 ஆகும், வகுத்தால் 6 மணி 47 நிமிடம், கூட்டினால் 7 மணி 27 நிமிடம். டிக்கெட்டிலும் ஏழரையை ஒட்டித்தான் இருக்கும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் தன் இடத்தை விட்டு நகர்வதில் இருந்து, அங்கே போய் நிற்பது வரை. விமானி ஒலிபெருக்கியில் சொல்வது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும். "மூணே முக்கால் மணின்னு சொன்னான், டிக்கெட்ல நாலேகால்னு போட்டிருக்கான்" என்று சண்டைக்கு நிற்க வேண்டாம். இரண்டும் சரி.

படி 8: காற்றும் மூடிய வானமும்

போகிற நேரமும் திரும்புகிற நேரமும் ஏன் ஒன்றாக இல்லை? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே ஒரு வேகக் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் பலம் அதிகம், சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். மேற்கே போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, கிழக்கே வருகிறதற்குப் பின்காற்று. குளச்சலில் வள்ளம் இறக்குகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் இருந்து துபாய்க்குத் திரும்பும்போது ஏழு மணியை ஒட்டி வந்துவிடும், போகும்போது ஏழரை. துபாய் – டொரண்டோ போக 14 மணியைத் தாண்டும், வர சுமார் பன்னிரண்டரை. வளைகுடாவுக்கும் நமக்கும் நடுவில் இந்த வித்தியாசம் கால் மணி அளவுக்குத்தான் இருக்கும்.

இன்னொன்று மூடப்படும் வான்வெளி. 2019 பிப்ரவரியில் இருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியில் இருந்து மேற்கே போகிறவர்களுக்குச் சுற்று கூடியது. திருவனந்தபுரத்தில் இருந்து கிளம்பினால் அரபிக்கடல் மேலேயே வளைகுடாவுக்குப் போய்விடுவதால் நமக்கு அது பெரிதாகத் தட்டவில்லை. ஆனால் 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது தோஹா வழி டிக்கெட் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள்.

நான் வேறெங்கும் கேள்விப்படாத ஒரு காரணமும் நம் விமான நிலையத்துக்கு உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். வருடத்தில் அந்த இரண்டு நாள் மாலையில் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. சாமி போன பிறகுதான் விமானம். நேரத்தை அதற்கேற்ப மாற்றி அறிவித்துவிடுவார்கள், ஆனாலும் பழைய டிக்கெட்டை நம்பிக் கிளம்பாமல் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எத்தனை மணி ஆகிறது என்று அறிய ஃபிளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்கள் அது எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று வரிசையாகக் காட்டும். என் கணக்குக்கு நான் அதைத்தான் நீதிபதியாக வைத்திருக்கிறேன்.

படி 9: கடிகாரமும் தேதியும்

தூரக் கணக்கில் தப்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை. தேதிக் கணக்கில் தப்பினால் வண்டி வாடகை போகும். எங்களுக்குப் போனது.

குவைத்தில் இருந்து மைனி வருகிறார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் போனில் அனுப்பிய ஒரே வரி: "9ஆம் தேதி பிளைட், காலை 4.30 இறங்கும்." நாங்கள் ஏழு பேர், பிள்ளைகள் உட்பட, ஒரு வேன் பிடித்து, பிளாஸ்கில் கட்டஞ்சாயா ஊற்றிக்கொண்டு 9ஆம் தேதி அதிகாலை சாக்கையில் உள்ள முனையத்தின் முன்னால் போய் நின்றோம். ஆறு மணி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தள்ளுவண்டியாகப் பார்த்தோம். மைனிக்குப் போன் போட்டால் தூக்கக் கலக்கத்தில், "நான் இன்னைக்கு ராத்திரிதானே ஏறுவேன்" என்றார். விமானம் 9ஆம் தேதி இரவு 9 மணிக்கு அங்கே கிளம்பி, 10ஆம் தேதி அதிகாலை நாலரைக்கு இங்கே இறங்குகிறது. மறுநாள் அதே வேன், அதே பிளாஸ்க், ஆள் மட்டும் இரண்டு பேர்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருக்கு, இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்கு. துபாய், மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி பின்னால். கத்தார், பஹ்ரைன், குவைத், சவுதி இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். லண்டன் மட்டும் இரண்டு விதம்: மார்ச் கடைசி ஞாயிறில் இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. அவர்கள் கடிகாரத்தையே வருடத்துக்கு இரண்டு முறை திருப்பி வைக்கிறார்கள்.

ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதம். திருவனந்தபுரம் காலை 4.30, துபாய் காலை 7.15. மேலாகப் பார்த்தால் இரண்டே முக்கால் மணி. பின்னால் போகும் ஒன்றரையைக் கூட்டினால் நாலேகால், நம் படி 7 கணக்கு. துபாயில் இருந்து 9.45, லண்டன் மதியம் 2.15. மேலாக நாலரை. ஆகஸ்டில் லண்டன் துபாய்க்கு மூன்று மணி பின்னால், கூட்டினால் ஏழரை. நடுவில் காத்திருப்பு இரண்டரை. மொத்தம் பதினாலேகால் மணி. லண்டனில் மதியம் 2.15 என்றால் நம் வீட்டுக் கடிகாரத்தில் மாலை 6.45.

நள்ளிரவு தாண்டிய விமானம்தான் ஆளை விழுங்கும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 14ஆம் தேதி ராத்திரிச் சோறு தின்றதும் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் முந்தைய ராத்திரியே போயிருக்கும். வளைகுடா விமானங்கள் பல இந்த நேரத்தில்தான் வருகின்றன, போகின்றன. நான் யாருக்கு டிக்கெட் பார்த்துக் கொடுத்தாலும், "வியாழன் ராத்திரி, விடிஞ்சா வெள்ளி" என்று கிழமையோடு சேர்த்து எழுதிவிடுவேன். தேதியைக்கூட மறப்பார்கள், வெள்ளிக்கிழமையை நம் ஊரில் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

படி 10: வாசலில் இருந்து வாசல் வரை

அதே காலை 4.30 விமானம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆக 1.30க்கு அங்கே. திங்கள்சந்தை, கருங்கல் பக்கம் என்றால் இரவில் ஒன்றரை மணி, டயர் பஞ்சருக்கும் வழியில் பிள்ளை வாந்தி எடுப்பதற்கும் சேர்த்து இரண்டு. முந்தைய நாள் இரவு 11.30க்கு வண்டி நகர வேண்டும். அதற்கு முன் ஜெபமோ, சாமி கும்பிடுவதோ, அழுகையோ எது உண்டோ அதற்கு அரை மணி நேரம். நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எப்போதும் பிந்துவது இதில்தான்.

லண்டனில் இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, ஒன்றேகால் மணி. அங்கிருந்து தங்கும் இடம் வரை, ஊருக்குள் என்றால் ஒரு மணிக்கு மேல். கூட்டுங்கள்: இங்கே ஐந்து, டிக்கெட்டில் பதினாலேகால், அங்கே இரண்டேகாலுக்குக் குறையாது. இருபத்தொன்றரை மணி. 8,400 கிலோமீட்டரை அதால் வகுத்தால் மணிக்கு 390 கிலோமீட்டர்தான் வருகிறது. தொள்ளாயிரத்தில் பறக்கிற விமானம் மனிதரை வீட்டில் கொண்டு சேர்க்கும் வேகம் அவ்வளவுதான்.

இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தப்பினால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனியாக எடுத்தால் நம் பாடு. நடுவில் இரண்டு மணிக்குக் குறையாத காத்திருப்பு இருக்கட்டும்.

கடைசியாக ஒரு காகிதம். அத்தை வீட்டுக் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருப்பது இது, நம் ஊர் நேரத்தில் மட்டும் எழுதியது: "வியாழன் ராத்திரி 11.30 வீட்டில் இருந்து கிளம்புவாள். வெள்ளி காலை 4.30 விமானம் ஏறும். 8.45க்கு துபாய், போன் எடுக்கலாம். 11.15 முதல் ராத்திரி 6.45 வரை போன் கிடைக்காது, கூப்பிட வேண்டாம். ராத்திரி 9 மணிக்கு மேல் அவளே கூப்பிடுவாள்."

மாலை 6.45ஐ ராத்திரி என்று எழுதியது அத்தை சொல்லித்தான். விளக்கு வைத்துவிட்டால் அவருக்கு ராத்திரி.